சிவப்புத் தரையில் ஒரு சொட்டு ஆயில்

பழைய கார் வைத்திருப்பதும் ஓர் உத்தியோகம்தான்; சம்பளமும் விடுப்பும் கிடையாது, மேலதிகாரிகளுக்கு மட்டும் குறைவே இல்லை. பானெட்டைத் தூக்கி நிறுத்திய அடுத்த நிமிடம் தெருவில் போகிறவரெல்லாம் உங்கள் மேலதிகாரி. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர் நின்று கார்புரேட்டரைப் பற்றிப் பேசுவார். இதைப் படிக்கிறவர்களில் அந்த உத்தியோகம் பார்த்தவர்கள் இருப்பீர்கள். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு, சோப்புக்கும் போகாமல் மண்ணெண்ணெய்க்கும் போகாமல், கல்யாணப் பந்தியில் கையை ஒளித்து ஒளித்துச் சாப்பிட்டவர்கள் நீங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு என் கோபம் புரியாது.

நான் அந்த உத்தியோகம் பார்த்தது அறுபதுகளின் பின்பாதியில், தாம்பரத்துக்குக் கிழக்கே ராஜகீழ்ப்பாக்கத்தில். இரவில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியர். பகலில், டேப்பெட் கவர் ஒழுகலை அடைப்பவன். இரண்டாவது வேலையில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

மூன்றாவது குடித்தனக்காரர்

காரை நான் ஆசைக்கு வாங்கவில்லை. என் மனைவி கிரேஸுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. இரும்புப் பட்டையும் தோல் வாரும் வைத்த பூட்ஸ் போட்டுத்தான் நடப்பாள். அவளுக்குக் கீழ்க்கட்டளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையலும் ஓவியமும் கற்றுக்கொடுக்கும் வேலை கிடைத்தது. அந்தப் பக்கம் பஸ் எப்போதாவது வரும். வந்தாலும் அதன் படி அவளுக்கு எட்டாது. தலைமையாசிரியை கறாரான பேர்வழி. மாதத்தில் மூன்று நாள் மணி அடித்த பிறகு வந்தால் நாலாவது நாள் வரவே வேண்டாம் என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். ஆகவே, ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அவருடைய சின்னக் காரை வாங்கினேன். சுதந்திரத்துக்கு அடுத்த வருஷம் கப்பலில் வந்திறங்கிய கார். காலையில் கிரேஸைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து தூங்குவேன். நாலு மணிக்குப் போய் அழைத்துவந்து, காரை நிறுத்திவிட்டு, மின்சார ரயிலைப் பிடித்து வேலைக்குப் போவேன்.

வீடு பார்த்ததும் காரை வைத்துத்தான். மாடியில் வீட்டுக்காரர் தேவசகாயம், அரசாங்க அலுவலகத்தில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்ப்பகுதி எங்களுக்கு. முன்னால் ஒரு போர்ட்டிகோ. எங்கள் வாசற்கதவுக்கும் கார் கதவுக்கும் மூன்று எட்டு. காரைத் தெருவில் நிறுத்தினால் முதலில் சாக்கடை மேல் போட்ட ஆடுகிற கல், அதற்கப்புறம் களிமண். மழை வந்துவிட்டால் ஏரித் தண்ணீர் முழங்காலுக்கு நிற்கும். பூட்ஸின் தோல் வார் நாலு தடவை நனைந்தால் பிய்ந்துவிடும். அந்தப் போர்ட்டிகோ போனால் மழைக்காலத்தில் கிரேஸின் வேலையும் போகும். கணக்கு அவ்வளவுதான்.

போர்ட்டிகோவின் தரை சிவப்புச் சிமெண்ட். தேவசகாயம் அதற்கு மெழுகு போட்டு, தேங்காய் மட்டையால் தாமே தேய்த்து, குனிந்தால் முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். நாங்கள் குடிவந்த மூன்றாம் நாள் அதில் எட்டணாக் காசு அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். நான் அவரை அழைத்து, பானெட்டைத் திறந்து விளக்கினேன். இஞ்சின் உச்சியில் ரொட்டி டப்பாவைக் கவிழ்த்த மாதிரி ஒரு தகர மூடி இருக்கிறது, அதுதான் டேப்பெட் கவர். அதை இரண்டு நட்டு பிடித்துக்கொண்டிருக்கிறது. மூடிக்கும் இஞ்சினுக்கும் நடுவே கார்க்கில் வெட்டிய பேக்கிங், அது காய்ந்து செத்துவிட்டதால் ஆயில் கசிந்து பக்கவாட்டில் வழிகிறது என்றேன். கைகட்டி முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "குடித்தனத்துக்கு நீங்க ரெண்டு பேர்தான்னு சொன்னீங்க தம்பி. மூணாவதா ஒரு கைக்குழந்தை இருக்குன்னு சொல்லவே இல்லையே."

கபூர் பாயின் கைப்பலம்

தாம்பரத்தில் கபூர் பாய் என்றொரு மெக்கானிக். புளியமரத்தடிதான் ஒர்க்ஷாப். மூடியைக் கழற்றினார்; பழைய கார்க் இரண்டாக முறிந்து விழுந்தது. புதிதாக ஒன்று வெட்டி, அதன் இரண்டு பக்கமும் அரக்குப் பசையைத் தோசைக்கு எண்ணெய் விடுகிற தாராளத்தோடு தடவி, மூடியைக் கவிழ்த்து, நீளமான ஸ்பானரைப் போட்டு இறுக்கினார். இறுக்கினார் என்றால் காலைப் பம்பரில் ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க. தகரம் முனகியது என் காதில் விழுந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மெக்கானிக்கிடம் சொல்லிக்கொடுப்பவன் மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவான் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து மறுபடி எட்டணா. மறுபடி புளியமரம். இந்தத் தடவை மூடி வரவில்லை. உளியும் சுத்தியலும் வந்தன. கார்க் துண்டு துண்டாகச் சுரண்டி எடுக்கப்பட்டது. துணுக்குகள் இஞ்சினுக்குள் விழாமல் இருக்க நான் என் கைக்குட்டையைப் பலி கொடுத்தேன். "இப்படியா பாய் ஒட்டுவது? அடுத்த தடவை எப்படித் திறப்பது?" என்று கத்தினேன். கபூர் பாய்க்கு என்னைவிடக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சார் பேசறே? தொறக்கறதுக்கா மூடறோம்?"

தையல் டீச்சரின் கால் சுற்று

இனி வீட்டிலேயே செய்வது என்று முடிவு கட்டினேன். மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் உதிரிச் சாமான் விற்கிற சந்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அந்த மாடலுக்குப் பேக்கிங் கிடையாது. ஒரு கடைக்காரர் என் காரின் பெயரைக் கேட்டதும் இரங்கல் கூட்டத்தில் நிற்பவரைப் போல ஒரு நொடி பேசாமல் நின்றார். கடைசியில் கார்க் தகடு மட்டும் ஒரு முழம் வாங்கிக்கொண்டு ரயிலேறினேன்.

வெட்டினது நானில்லை, கிரேஸ். நான் வெட்டியிருந்தால் இந்தக் கட்டுரை இதோடு முடிந்திருக்கும். அவள் மூடியைத் தாளின் மேல் கவிழ்த்துப் பென்சிலால் கோடு இழுத்தாள். உள்கோடு, வெளிக்கோடு இரண்டையும் ரவிக்கைக்கு அளவெடுக்கிற நிதானத்தோடு கார்க்கில் மாற்றினாள். கார்க் முறியாமல் இருக்க அரை மணி தண்ணீரில் ஊறப்போட்டு, தையல் கத்தரிக்கோலால் ஒரே ஓட்டமாக வெட்டினாள். பசை மூடியின் பக்கம் மட்டும். நகராமல் இருக்க நாலு இடத்தில் நூல் போட்டுக் கட்டி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்து ஒரு நாள் காயவிட்டாள். இஞ்சின் பக்கம் பசையே கிடையாது. ஒரு பூச்சு கிரீஸ், அவ்வளவுதான். அப்போதுதான் அடுத்த தடவை கிழியாமல் திறக்கலாம். இதெல்லாம் காரோடு வந்த இங்கிலீஷ் கையேட்டைப் படித்துப் படித்து நாங்கள் இருவரும் கண்டுபிடித்தது. அதில் நட்டைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: விரலால் இறுக்கு, அதற்குமேல் கால் சுற்று, நிறுத்து.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து மாட்டினோம். கால் சுற்று ஆயிற்று. எனக்கு மனசு கேட்கவில்லை. இன்னும் ஒரு அரைச் சுற்று இருந்தால் நிம்மதியாக இருக்குமே என்று ஸ்பானரை மறுபடி மாட்டினேன். அவள் என் மணிக்கட்டில் ஒன்று போட்டாள். "நூலை ரொம்ப இழுத்தா துணி சுருங்கும். போதும், கையை எடுங்க."

மோட்டார் நிபுணர்

மூன்று வாரம் தரையில் ஒரு சொட்டு இல்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலுவலகம் போனேன். அங்கேதான் வினை. எங்கள் செய்தி ஆசிரியர் என் நகத்தையும் மேஜையில் கிடந்த கையேட்டையும் பார்த்துவிட்டு, வாரம் ஒரு நாள் வாசகர்களின் மோட்டார் சந்தேகங்களுக்குப் பதில் எழுதச் சொன்னார். எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஒரு மூடியைப் பற்றி மட்டும்தான் தெரியும் என்று மன்றாடினேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஒண்ணைப் பத்தி எழுத அது தெரிஞ்சிருக்கணும்னு யார் சொன்னது? நாம வருஷா வருஷம் பட்ஜெட் பத்தி எழுதலை?"

சூட்டில் இறுகும்

முதல் வாரமே டேப்பெட் கவரைப் பற்றி எழுதினேன். கார்க், தண்ணீர், நூல், கிரீஸ், கடைசியில் தடித்த எழுத்தில்: விரலால் இறுக்கி, மேலே கால் சுற்று. தேவசகாயம் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. புரியற மாதிரி இருக்கு" என்றார். அவரிடமிருந்து வந்த ஒரே பாராட்டு அது. அந்த மயக்கம் பத்து நாள்கூட நிற்கவில்லை; மறுபடி எட்டணா.

மூடியைத் திறந்தேன். நட்டு இரண்டும் கல்லாக இறுகியிருந்தன. கார்க் பிதுங்கி ஓரத்தில் பல்லிளித்தது. கால் சுற்றில் விட்ட நட்டு எப்படி இந்த இறுக்கத்துக்கு வந்தது? பத்திரிகைக்காரன் என்றால் இந்த இடத்தில் "யார்?" என்று கேட்டிருக்க வேண்டும். நான் "ஏன்?" என்று கேட்டேன். கேட்டு, எனக்கு நானே ஒரு விஞ்ஞானமும் கற்பித்துக்கொண்டேன்: இஞ்சின் சூட்டில் இரும்பு விரிந்து, ஆறும்போது நட்டு தானாக இறுகுகிறது. இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அதை அடுத்த வாரப் பகுதியில் அச்சிலும் போட்டேன். புது கார்க் வெட்டினோம், ஊறவைத்தோம், கட்டினோம், மாட்டினோம். பத்து நாள். எட்டணா. இன்னொரு கார்க். ஒன்பது நாள். இப்போது ஒரு ரூபாய்க் காசு அளவு.

கிரேஸ் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் மக்குப் பிள்ளையிடம் பேசுகிற பொறுமையோடு கேட்டாள். "ஏங்க, சூட்டுல இறுகும்னா முதல் மூணு வாரம் இஞ்சின் சூடாகவே இல்லையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆகையால் கோபப்பட்டேன்.

உறிஞ்சும் சக்தி

அடியில் ஒரு தட்டு வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். வைத்தேன். தகரத் தட்டு துருக் கறை விடும் என்று தேவசகாயம் மறுநாளே அதை வெளியே எறிந்தார். மரத் தட்டம் வைத்தேன்; அது ஆயிலைக் குடித்து அடிவழியாகத் தரைக்கே கொடுத்தது. தவிர, ஆயில் ஒரே இடத்தில் சொட்டினால்தானே தட்டு? கார் உள்ளே வரும்போதே வாசலிலிருந்து கோலப்புள்ளி வைத்துக்கொண்டுதான் வரும்.

ஒரு நாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து காரை உள்ளே விட்டபோது, போர்ட்டிகோ நெடுக நாளிதழ் விரித்திருந்தது. எங்கள் நாளிதழ். குனிந்து பார்த்தால் மோட்டார் சந்தேகம் பகுதி மேல்பக்கமாக இருந்தது. என் கால் சுற்றுக்கு மேல் என் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து தேவசகாயம் எட்டிப் பார்த்தார். அவர் கிண்டல் செய்யவில்லை, அதுதான் எரிச்சல். உண்மையிலேயே ஆராய்ந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னார்: "இங்கிலீஷ் பேப்பர் போட்டுப் பாத்தேன் தம்பி, பரவுது. உங்க பேப்பர்தான் நல்லா உறிஞ்சுது."

மாடம்பாக்கத்து வாசகர்

நவம்பர் பிறந்து மழை தொடங்கிய வாரம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், மாடம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் என் முகவரியை எப்படியோ கண்டுபிடித்துக் காரோடு வந்தார். படகு மாதிரி பெரிய கார். மழை பெய்கிறதே என்று யாரையும் கேட்காமல் நேரே போர்ட்டிகோவுக்குள், என் காருக்குப் பின்னால், கொண்டுவந்து விட்டார். அது சொட்டுகிற சாதி இல்லை, ஊற்றுகிற சாதி. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் சிவப்புத் தரையில் ஒரு சின்னக் குளம். அதில் மழைத்தண்ணீரும் சேர்ந்து ஏழு நிறம் காட்டியது.

"சார் எழுதின மாதிரியே பண்ணேன் சார், ஒழுவுது" என்று ஆரம்பித்தவர், என் காரின் அடியில் விரித்திருந்த தாளைப் பார்த்துவிட்டார். உடனே அவர் முகத்தில் வந்த ஆறுதல் இருக்கிறதே, அதை நான் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சாருக்கும் இப்படித்தானா? அப்ப என் வண்டி மேல தப்பே இல்லை!"

அவர் நிம்மதியாகப் போனார். தேவசகாயம் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். குளத்தைப் பார்த்தார். 'தம்பி' போய் 'மிஸ்டர்' வந்துவிட்டது. "மிஸ்டர், டிசம்பர்ல சர்ச்சுலேருந்து கிறிஸ்துமஸ் கீத பவனி வரும். வெள்ளை அங்கி போட்ட இருபது பிள்ளைங்க இந்தத் தரையில நின்னு பாடணும். முதல் தேதிக்கு இங்க ஒரு சொட்டு இருந்தாலும் உங்க வண்டி தெருவுல. வண்டி தெருவுலன்னா நீங்க இருக்கறதும் போறதும் உங்க சௌகரியம்."

அன்று சாயங்காலம் கிரேஸ் தலைமையாசிரியையின் கையெழுத்துப் போட்ட வருகைப் பதிவை நினைத்து விரல் விட்டு எண்ணினாள். ஆயில் புகைந்து வண்டி வழியில் நின்றதில் அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் மணிக்குப் பிறகு போயிருந்தாள். தெருவில் ஏரித் தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. அவள் பூட்ஸின் தோல் வாருக்கு விளக்கெண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

வைத்தியர்

கடைசிச் சனிக்கிழமை. முதல் தேதிக்கு இரண்டே நாள். முந்தின வாரம்தான் இன்னொரு கார்க் மாட்டியிருந்தோம். தாளில் அதற்குள் ஒரு பொட்டு. இரவு வேலை முடித்து வந்த நான் வழக்கம்போலக் காலை பத்து மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தேன். கிரேஸுக்குப் பள்ளி விடுமுறை. மீன்காரி அஞ்சலை வாசலில் கூடையை இறக்கினாள். கடலோரக் குப்பத்திலிருந்து வருகிறவள். தினமும் அதே நேரத்துக்கு அந்தத் தெருவுக்கு வந்துவிடுவாள். வார நாட்களில் கிரேஸ் வீட்டில் இருப்பதில்லை என்பதால் இருவரும் பேசிக்கொள்வது சனிக்கிழமைதான்.

அஞ்சலை சங்கரா மீனை எடுத்துக் காட்டியவள், போர்ட்டிகோவைத் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா, சனிக்கெழமையானா மாடி அய்யாவ வண்டியண்ட காணோமே?" என்றாள்.

கிரேஸின் கை மீனிலேயே நின்றுவிட்டது. "அவர் எதுக்கு அஞ்சலை வண்டிகிட்ட?"

"இன்னா கண்டேன்? மத்த நாளு நா வரச்சொல்லோ பாப்பேன். வண்டி மூடியத் தூக்கி வெச்சுகினு, கைல ஒரு இரும்ப வெச்சுகினு, உள்ள குனிஞ்சு திருகிகினு கீறாரு. உங்கூட்டுக்காரு தூங்கறாரு, வயசானவரு பாவம், வைத்தியம் பாக்கறாருன்னு நெனச்சுகினேன்."

கால் சுற்று

கிரேஸ் என்னை எழுப்பிச் சொன்னபோது நான் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் பாதி ஏறிவிட்டேன். என்னென்ன சொல்வது என்று தலைப்பு முதற்கொண்டு மனசில் போட்டாகிவிட்டது. அவள் கீழே நின்றபடி, குரலை உயர்த்தாமல், "சண்டை போட்டா நீங்க ஜெயிச்சுடுவீங்க. அப்புறம் வீடு தேடணும்" என்றாள். இறங்கி வந்தேன். டேப்பெட் கவரைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். நட்டு இரண்டும் கல். கார்க்கை உரித்துவிட்டு, மூடியின் விளிம்பை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு தேவசகாயத்தைக் கூப்பிட்டாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். இந்தத் தரை மட்டமா இருக்குமா?"

அவருக்கு ரத்தம் முகத்தில் ஏறியது. "மட்டமாவா? ரசமட்டம் வெச்சு அடிக்கு அடி பாத்துப் போட்ட தரைம்மா இது! கொத்தனாரை மூணு தடவை உடைச்சுப் போடவெச்சேன்!"

"அப்ப சரி" என்று அவள் மெதுவாகக் குனிந்து, மூடியை வாய் கீழாகத் தரையில் வைத்தாள். ஒரு போஸ்ட் கார்டை எடுத்து அவரிடம் கொடுத்தாள். "விளிம்புக்கு அடியில விட்டுப் பாருங்க ஐயா."

நட்டு உட்காரும் நடுப்பகுதியில் கார்டு நுழையவில்லை. இரண்டு முனையிலும் சர்ரென்று போய் வந்தது. மூடி நடுவில் அமுங்கி இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டிருந்தது. அவர் மண்டியிட்டு உட்கார்ந்து மறுபடி விட்டுப் பார்த்தார். மூடியைத் திருப்பி வைத்து மறுபடி. தரையில் குறையில்லை என்று அவருக்குத் தெரியும். அதனால் குறை எங்கே என்பதும் தெரிந்துவிட்டது. "இறுக்க இறுக்க நடு உக்காருது, ஓரம் தூக்குது. தூக்கின இடத்துல ஒழுகுது" என்றாள் கிரேஸ், கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கிற குரலில். "யாரோ தெனம் இறுக்கறாங்க ஐயா."

நான் என் முறைக்குக் காத்திருந்தேன். அவர் மறுப்பார், நான் அஞ்சலையைக் கூப்பிடுவேன் என்று நினைத்தேன். அவர் மறுக்கவே இல்லை. எழுந்து நின்று, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, அலுவலகத்தில் சுற்றறிக்கையைக் காட்டுகிறவர் போல என்னைத்தான் காட்டினார்.

"நீங்க எழுதினதுதானே தம்பி? விரலால இறுக்கி மேல கால் சுத்து. நான் அதுக்கு மேல ஒரு இழை திருகினது கிடையாது. ஒழுகினப்புறம் பாக்கறதைவிட முன்னாடியே பாத்துக்கலாமேன்னுதான். தெனம் கால் சுத்து."

அவர் இன்னும் முடிக்கவில்லை. "சூட்டுல இறுகுதுன்னு அப்புறம் எழுதினீங்க. அது சூடு இல்லை, நான்தான்னு ஒரு கார்டு போடலாம்னு பாத்தேன். பத்திரிகைல இருக்கீங்க, சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

ஒட்டிய தாள்

இருபத்தோரு வருஷக் கார் ஒழுகுவதற்கு, வேறு சாக்கே இல்லாமல், கட்டுரை எழுதிய நானே காரணம். அதற்குமேல் என்ன சண்டை போடுவது? தேவசகாயம் மாடியிலிருந்து ஒரு தேக்குக் கட்டையும் மரச்சுத்தியலும் கொண்டுவந்தார். நான் மூடியின் விளிம்பைக் கட்டையில் வைத்துத் தட்டினேன். அவர் தட்டுக்குத் தட்டு அதை வாங்கித் தரையில் வைத்து போஸ்ட் கார்டு விட்டுப் பார்த்து, "இன்னும் இடப்பக்கம்" என்று என்னை வேலை வாங்கினார். கார்டு எங்கேயும் நுழையாமல் ஆனபோது சாயங்காலம் நாலு மணி. கிரேஸ் கடைசி கார்க்கை வெட்டி, ஒட்டி, கட்டி, குழவியை ஏற்றினாள். கார் மூடி இல்லாமல் கிடந்ததால் மறுநாள் ஆராதனைக்கு அவளை ஒரு ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டேன். திரும்பி வந்ததும் மாட்டினோம்.

விரல். கால் சுற்று. ஸ்பானரை எடுத்துவிட்டேன். தேவசகாயத்தின் வலது கை அவரை அறியாமலே ஓர் அங்குலம் முன்னால் வந்தது. நான் பார்த்தேன். கிரேஸும் பார்த்தாள். அந்த மனிதரை வாய் வார்த்தையால் கட்ட முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போய் மைதாப் பசையும் இரண்டு தாள் துண்டும் கொண்டுவந்தாள். பரீட்சை முடிந்ததும் விடைத்தாள் கட்டை ஒட்டி மூடுவார்களே, அதே மாதிரி, ஒவ்வொரு நட்டின் தலையிலிருந்து மூடி வரைக்கும் ஒரு தாளை ஒட்டி, அதன் குறுக்கே தேதி போட்டுக் கையெழுத்திட்டாள்.

தேவசகாயம் குனிந்து கையெழுத்தைப் படித்தார். அவர் சட்டைப் பையில் பேனா எப்போதும் இருக்கும். அதை எடுத்து, கிரேஸின் கையெழுத்துக்குக் கீழே, இரண்டு தாளிலும், தம்முடைய சுருக்கொப்பத்தைப் போட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு வாழ்ந்தவர். மேஜையில் எது வந்தாலும் கை அப்படிப் போய்விடும். அவ்வளவுதான், வேலை முடிந்தது. தாம் ஒப்பமிட்ட முத்திரையை உடைக்கிற காரியத்தை அந்த மனிதர் கனவிலும் செய்ய மாட்டார். இஞ்சின் சூட்டில் தாள் பழுப்பாகியது, கிழியவில்லை.

திங்கட்கிழமை முதல் தேதி. கொட்டுகிற மழை. ஏரித் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. கிரேஸ் மூன்று எட்டில் காரில் ஏறினாள், பூட்ஸில் ஈரம் படாமல். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கீழ்க்கட்டளையில் இறங்கினாள். திரும்பி வந்து காரை நிறுத்தினேன். தேவசகாயம் தரையில் ஒரு புதுத் தாளை விரித்துவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து பன்னிரண்டு மணி வரை பார்த்தார். தாள் வெள்ளையாகவே இருந்தது. தெருவைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை. மன்னிப்பு, வருத்தம் என்ற சொற்களும் அவர் வாயில் வரவில்லை; நானும் எதிர்பார்த்து ஏமாறவில்லை.

கீத பவனி வந்தது. வெள்ளை அங்கிப் பிள்ளைகள் போர்ட்டிகோவில் நெருக்கியடித்து நின்று பாடி முடித்து, கேக்கைக் கையில் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் சபைப் போதகர் ஐயர் தரையையும் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போன மாசம் இந்த வண்டி ஒழுகிச்சாமே?" என்றார். நான் பதில் சொல்ல மூச்சை இழுத்தேன். கிரேஸ் என் காலை மிதித்தாள், இரும்புப் பட்டை போட்ட காலால். அதற்குள் தேவசகாயம் ஓர் அடி முன்னால் வந்துவிட்டார்.

"ஆமாங்க ஐயர். இவங்க ரெண்டு பேரும் என்னென்னமோ பண்ணிப் பாத்தாங்க. தெனம் நான் ஒருத்தன் விடாம கவனிச்சேன், அதனாலதான் நின்னுது."

பழைய கார்க்காரர்களே, ஒழுகினால் குற்றவாளி நீங்கள். ஒழுகல் நின்றால் நீங்கள் வெறும் சாட்சி, அதுவும் யாரும் விசாரிக்காத சாட்சி.